தட்டு இல்லாமல் இத்தாலிய ஒயின் புரியாது

இத்தாலிய சிவப்பு ஒயினை வெறும் வயிற்றில், பக்கத்தில் ஒரு ரொட்டித் துண்டுகூட இல்லாமல் ருசி பார்த்துவிட்டு, "என்ன இது, இப்படிப் புளிக்கிறதே" என்று முகம் சுளிப்பவர்களோடு எனக்கு நிரந்தரமாக ஒரு வழக்கு உண்டு. புளிக்கத்தான் செய்யும். துவர்க்கவும் செய்யும். ஆஸ்திரேலியாவிலோ கலிபோர்னியாவிலோ நல்ல வெயிலில் பழுத்த திராட்சையில் செய்த சிவப்பைப் பக்கத்தில் வைத்தால், முதல் மடக்கில் இத்தாலிக்காரர் தோற்றுப்போவார். தட்டில் கறியும் சீஸும் வந்த பிறகு அதே இரண்டு பாட்டில்களையும் ஊற்றிப் பாருங்கள். எது முதலில் காலியாகிறது என்பதுதான் என் வாதம்.

வேலைக்காக வட இத்தாலியின் டூரின் நகரத்துக்கு வந்தபோது சிவப்பு, வெள்ளை என்று இரண்டு நிறம் உண்டு என்பதைத் தவிர ஒயினைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. யாரும் குடிக்காத குடும்பம். குடி என்றாலே தெருச் சண்டை என்று நினைத்து வளர்ந்தவன். இங்கே மதியச் சாப்பாட்டுக்கு வரும் எழுபது வயதுப் பாட்டி கால் லிட்டர் ஜாடி ஒன்றை வரவழைத்து, ஒரு வாய் ஒயின், ஒரு வாய் தண்ணீர் என்று மாறி மாறிக் குடித்துவிட்டு, ஜாடியில் மீதம் இருப்பதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் எழுந்து போவார். அதைப் பார்த்த பிறகுதான் இது வேறு சமாச்சாரம் என்று உறைத்தது. அந்தப் பாட்டிக்கு அது ரசம் மாதிரி, சாப்பாட்டின் ஓர் அங்கம்.

டூரினிலிருந்து தெற்கே காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் போனால் லாங்கே குன்றுகள். பரோலோ, பார்பரெஸ்கோ என்ற பேர்போன சிவப்பு ஒயின்கள் விளையும் இடம். 2014-ல் யுனெஸ்கோ இந்தத் திராட்சைத் தோட்டங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பரோலோ என்பது ஒரு சிறிய ஊரின் பெயர். ஆனால் அந்தப் பெயரில் ஒயின் செய்யும் உரிமை 11 ஊர்களுக்கு உண்டு. எல்லாமே நெபியோலோ என்ற ஒரே திராட்சை. அறுவடைக்கு அக்டோபர் வரை காக்க வைக்கும், பிடிவாதக்காரத் திராட்சை. அறுவடைக்குப் பிறகும் அவசரப்பட முடியாது. பரோலோவைக் குறைந்தது 38 மாதங்கள் வைத்திருந்துதான் விற்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது; அதில் 18 மாதங்கள் மரப் பீப்பாயில். 'ரிசெர்வா' என்று போட வேண்டுமானால் 62 மாதங்கள்.

அந்த 11 ஊர்களில் செர்ரலுங்கா தல்பா ஒன்று. ஒடுங்கிய மலைமுகட்டில் ஒரு கோட்டை, அதைச் சுற்றி வீடுகள். அங்கே குடும்பமாக ஒயின் செய்யும் ஒருவர் வீட்டு நிலவறையில்தான் நெபியோலோவை நான் ஒழுங்காகச் சந்தித்தேன். பெரியவர் கிளாஸில் கொஞ்சமாக ஊற்றினார். மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. கிளாஸைச் சாய்த்து ஒரு வெள்ளைத் தாளின் மேல் பிடிக்கச் சொன்னார். தாளில் அச்சாகியிருந்த எழுத்துகளை ஒயின் வழியாகவே படிக்க முடிந்தது. இவ்வளவு பேர் வாங்கிய சிவப்பு, அடர்த்தியாக மை போல இருக்கும் என்று நினைத்திருந்தேன். இதுவோ வெளிறிய மாதுளை நிறம். ஓரத்தில் செங்கல் பொடியைக் கரைத்துவிட்டது போல ஆரஞ்சு. ஒயின் கெட்டுப்போனதற்கோ தண்ணீர் கலந்ததற்கோ அது அடையாளம் இல்லை. நெபியோலோவின் தோலில் நிறத்தைப் பிடித்துவைக்கும் பொருள் குறைவு, சீக்கிரமே வெளுத்துவிடும். துவர்ப்பைத் தரும் டானினோ அளவுக்கு மீறி இருக்கும்.

முகர்ந்தால் காய்ந்த ரோஜா இதழ். அதற்குப் பின்னால், வெயிலில் உருகும் புதுத் தார் ரோடு. பரோலோ என்றால் ரோஜாவும் தாரும் என்று எல்லாரும் கிளிப்பிள்ளை மாதிரிச் சொல்வார்கள். இந்த ஒரு விஷயத்தில் கிளிப்பிள்ளைகள் சொல்வது சரி. அவ்வளவு மென்மையான வாசனையை நம்பி ஒரு வாய் குடித்தேன். ஈறு, கன்னத்தின் உட்புறம், நாக்கின் நடு, எல்லாம் ஒரே நொடியில் வறண்டு ஒட்டிக்கொண்டன. பச்சைக் கொட்டைப்பாக்கை மென்றால் வருமே, அந்தத் துவர்ப்பு. பெரியவர் எதுவும் விளக்கவில்லை. காஸ்டெல்மாக்னோ சீஸும் சலாமியும் இருந்த பலகையை என் பக்கம் தள்ளி, "முதலில் இதைச் சாப்பிடு" என்றார். கையில் எடுத்தாலே உதிரும் சீஸ் அது, உப்பு தூக்கல். ஒரு துண்டை மென்று விழுங்கிவிட்டு இரண்டாவது மடக்கு குடித்தேன். அந்தப் பழைய வறட்சி போன இடம் தெரியவில்லை. மூக்கில் மட்டும் இருந்த ரோஜா இப்போது வாய்க்குள் வந்திருந்தது.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. டானின் நம் எச்சிலில் உள்ள புரதங்களைப் பிடித்துத் திரட்டிவிடுகிறது, எச்சிலின் வழுவழுப்பு போய் வாய் காய்கிறது. வாயில் ஏற்கெனவே கறியின் புரதமும் சீஸின் கொழுப்பும் இருந்தால் டானின் அவற்றோடு மல்லுக்கட்டப் போய்விடும், நம் எச்சில் தப்பிக்கும். ஒயினில் உள்ள புளிப்பு நாக்கில் படிந்த கொழுப்பைக் கழுவி அடுத்த வாய்க்குத் தயார் செய்துவிடும். டூரினும் லாங்கேயும் இருக்கும் பியமோண்டே மாநிலத்துக்காரர்கள் வெண்ணெயும் மாட்டுக்கறியுமாகச் சாப்பிட்டு, நூற்றாண்டுகளாக அதற்கு ஏற்ற ஒயினைச் செய்துவந்திருக்கிறார்கள். தஸ்கனியில் கியாந்தி க்ளாசிகோவும் இதே கதைதான். அங்கே சான்ஜொவேசே திராட்சை குறைந்தது 80 சதவீதம் இருக்க வேண்டும். நல்ல புளிப்பு, பால் விடாத தேநீரின் துவர்ப்பு. தனியாகக் குடித்தால் ஒல்லியாகத் தெரியும். கரியில் வாட்டி உப்பும் ஆலிவ் எண்ணெயும் தடவிய, உள்ளே சிவப்பு மாறாத அவர்கள் ஊர் மாட்டுக்கறியோடு குடித்தால் கணக்கு சரியாகிவிடும்.

ஆனால் பியமோண்டேக்காரர்கள் தினமும் பரோலோவா குடிக்கிறார்கள்? இல்லவே இல்லை. அது கல்யாணம், கிறிஸ்துமஸ் சமாச்சாரம். அன்றாடத்துக்கு பார்பெராவும் டோல்ச்செத்தோவும். பார்பெராவில் புளிப்பு அதிகம், துவர்ப்பு குறைவு. டோல்ச்செத்தோ நேர் எதிர்: புளிப்பு குறைவு, நிறம் அடர்ந்த ஊதா, கடைசியில் மெல்லிய கசப்பு. இரண்டும் சுமார் பத்து யூரோவுக்கே நன்றாகக் கிடைக்கும். தக்காளி சேர்த்த எதற்கும் பார்பெராவை எடுங்கள், ஏமாற்றாது. பரோலோவின் வாசனை வேண்டும், பணமும் காத்திருப்பும் வேண்டாம் என்றால் 'லாங்கே நெபியோலோ' என்று லேபிளில் தேடுங்கள். பரோலோ செய்கிறவர்களே அதையும் செய்கிறார்கள், பல நேரம் தங்களுடைய இளைய கொடிகளின் பழத்தில். விலை பாதிக்கும் கீழே.

அப்புறம், இங்கே நடந்த சண்டைகளும் கொஞ்சநஞ்சமல்ல. 1980-களில் இளைய தலைமுறை, வாசனைக்காகவும் சீக்கிரம் குடிக்கும் பக்குவத்துக்காகவும் 225 லிட்டர் கொள்ளும் சின்ன பிரெஞ்சுப் பீப்பாய்களைக் கொண்டுவந்தது. எலியோ அல்தாரே என்பவர் தன் அப்பாவின் பழைய பெரிய பீப்பாய்களைச் செயின்-சாவால் அறுத்தே போட்டார். எதிர்ப்பக்கம் பர்த்தோலோ மஸ்கரெல்லோ, கையால் வரைந்த லேபிளில் "சின்னப் பீப்பாயும் வேண்டாம், பெர்லுஸ்கோனியும் வேண்டாம்" என்று எழுதி ஒட்டினார் (பெர்லுஸ்கோனி இத்தாலியப் பிரதமராக இருந்த அரசியல்வாதி). என் ஓட்டு பெரிய பீப்பாய்க்கு. சின்னப் பீப்பாயில் மரத்தின் வெனிலா வாசனை ஏறிவிட்டால் அது எந்த ஊர் ஒயின் என்பதே மறந்துபோகிறது. இப்போது பெரும்பாலோர் நடுவழிக்கு வந்துவிட்டார்கள்.

ருசி பார்க்கும் முறையைக் கற்றுக்கொள்ள இத்தாலிய சொமெலியே (ஒயின் பரிமாறும் நிபுணர்) சங்கம் நடத்தும் மாலை வகுப்பின் முதல் கட்டத்தில் சேர்ந்தேன். 1965-ல் மிலானில் தொடங்கிய சங்கம். ஏறக்குறைய எல்லா நகரத்திலும் வகுப்பு உண்டு. முதல் நாளே ஒரு சிக்கல். கையில் கொடுத்த தாளில் இருந்த வாசனைகளில் பாதியை நான் வாழ்க்கையில் முகர்ந்ததில்லை. கறுப்பு கரன்ட், ஐரோப்பியக் கூஸ்பெர்ரி, காட்டுப் புதர்ப் பழங்கள். பார்பெராவை முகர்ந்துவிட்டு என்ன தெரிகிறது என்று ஆசிரியை கேட்டார். நாவற்பழம் என்றேன். எங்கள் ஊரில் மழைக்காலத்தில் தரையில் விழுந்து கிடக்கும், நாக்கை ஊதாவாக்கும் பழம் என்று விளக்கினேன். "அதையே எழுது. அடுத்த முறை அதே வாசனை வந்தால் அதே பெயரை எழுது, போதும்" என்றார். அன்றிலிருந்து என் குறிப்பேட்டில் ஓமம், காய்ந்த துளசி, மரக்கடைத் தூள், மழை விழுந்த செம்மண், பழைய ட்ரங்கு பெட்டி எல்லாம் வந்துவிட்டன. இதைத்தான் புதிதாக வருபவர்களுக்கு முதலில் சொல்வேன். இரவல் பெயர்களை மனப்பாடம் செய்யாதீர்கள். உங்கள் மூக்குக்குத் தெரிந்த பெயர் போதும்.

முறை எளிது. கிளாஸை அசைக்காமல் ஒரு முறை முகருங்கள். பிறகு காம்பைப் பிடித்துச் சுழற்றிவிட்டு இன்னொரு முறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்திலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். வாயில் ஊற்றியதும் விழுங்காமல் எல்லாப் பக்கமும் பரவவிட்டு, உதட்டைச் சற்றுத் திறந்து கொஞ்சம் காற்றை உறிஞ்சுங்கள். சத்தம் வரும், வெட்கப்பட வேண்டாம், எல்லாரும் அப்படித்தான். தாடையின் ஓரத்தில் எச்சில் ஊறினால் அது புளிப்பு. ஈறு காய்ந்தால் டானின். தொண்டையில் சூடு இறங்கினால் ஆல்கஹால். விழுங்கிய பிறகு ருசி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனியுங்கள். என் அனுபவத்தில் தரத்தைக் காட்டிக்கொடுப்பது இதுதான், மற்றதில் எல்லாம் ஏமாறலாம். பல ஒயின்களை வரிசையாக ருசி பார்க்கும் இடத்தில் துப்பிவிடுங்கள், அதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள். ஐந்தாவது கிளாஸுக்கு மேல் துப்பாமல் எழுதிய குறிப்புகளை மறுநாள் படித்தால் எல்லா ஒயினும் "பிரமாதம்" என்றுதான் இருக்கும்.

நனைந்த அட்டைப் பெட்டி அல்லது பூசணம் பிடித்த பழைய கந்தல் வாசனை வந்தால் அது கார்க்கின் கோளாறு. உடம்புக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் பழ வாசனையைக் கொன்றுவிடும், நேரமாக ஆக மோசமாகும். உணவகத்தில் முதலில் கொஞ்சம் ஊற்றி உங்களிடம் நீட்டுவது இதைப் பார்க்கத்தான். பிடித்திருக்கிறதா என்று கேட்பதாக நினைத்துப் பலர் தலையாட்டிவிடுகிறார்கள். கெட்டிருந்தால் சொல்லலாம், மாற்றித் தருவார்கள். இத்தாலியில் நல்ல இடங்களில் இன்னொன்றும் செய்வார்கள்: துளி ஒயினை ஒரு கிளாஸில் ஊற்றிச் சுழற்றி, அதையே அடுத்த கிளாஸுக்கு மாற்றி, எல்லாக் கிளாஸையும் ஒயினாலேயே அலசிவிட்டுக் கொட்டிவிடுவார்கள். அலமாரி வாசனையும் சோப்பு வாசனையும் போக. வீட்டில் நானும் இப்போது அப்படித்தான்.

வெள்ளைக்கு வருவோம். இத்தாலி என்றால் சிவப்பு என்று ஒரு எண்ணம் இருக்கிறது. இங்கே வந்து முதல் வருடம் நானும் வெள்ளையைத் தாகத்துக்குத்தான் குடித்தேன். எண்ணத்தை மாற்றியது வெர்டிக்கியோ. அட்ரியாட்டிக் கடற்கரையை ஒட்டிய மார்க்கே மாநிலத்தில், யேசி என்ற ஊரைச் சுற்றியுள்ள குன்றுகளில் விளைவது. பழைய கிரேக்கக் குடுவை வடிவத்தில் பச்சை பாட்டிலில் வந்து உலகம் முழுக்க மலிவாக விற்றதால் பெயர் கெட்டுப்போன ஒயின். அதில் நல்ல தயாரிப்பாளர் ஒருவருடைய, பத்து வருடம் கழிந்த பாட்டிலை நண்பர் ஒருவர் திறந்தார். வைக்கோல், தேன், பெருஞ்சீரகம். இனிப்பு துளியும் இல்லை. விழுங்கிய பிறகு பாதாம் பருப்புத் தோலின் கசப்பு ஒரு கோடு போல நின்றது. வெள்ளையை வாங்கிய வருடமே குடித்துவிட வேண்டும் என்ற விதி அன்றோடு என் வீட்டில் ரத்தானது.

அந்த மெல்லிய கசப்புதான் இத்தாலிய வெள்ளையின் கையெழுத்து. வெரோனாவுக்குக் கிழக்கே கார்கனேகா திராட்சையில் செய்யும் சோவாவேயிலும் அது உண்டு. சோவாவே வாங்கினால் 'க்ளாசிகோ' என்ற சொல்லைப் பாருங்கள். பழைய மூல எல்லைக்குள், குன்றுச் சரிவில் விளைந்தது என்று அர்த்தம். மற்றதில் நிறைய, சமவெளியில் அள்ளி விளைவித்தது. சிசிலியில் எட்னா எரிமலைச் சரிவில் கர்ரிகாந்தே திராட்சை வெள்ளையில் எலுமிச்சையும் கல்லுப்பும் கலந்த கூர்மை இருக்கும். எங்கள் பியமோண்டேயிலேயே தொர்தோனா ஊர்ப்பக்கம் திமொராசோ என்று ஒன்று. ஏறக்குறைய அழிந்தே போயிருந்தது. 1980-களில் வால்தெர் மாஸா என்ற விவசாயி அதை விடாப்பிடியாக மீட்டெடுத்தார். இன்று பரோலோ செய்கிறவர்களே அங்கே நிலம் வாங்கி அதை நடுகிறார்கள். கொஞ்சம் கனமான வெள்ளை, வறுத்த கோழிக்குக்கூடத் தாங்கும்.

வெள்ளையைக் கெடுப்பது பெரும்பாலும் ஃபிரிட்ஜ்தான். 4, 5 டிகிரியில் எடுத்து அப்படியே குடித்தால் குளிர்ச்சி மட்டும்தான் தெரியும். சாதாரண வெள்ளைக்கு 8 முதல் 10 டிகிரி, மேலே சொன்ன கனமானவற்றுக்கு 12 வரை. சிவப்பைக் கெடுப்பது எதிர்ப்பக்கம். 'அறை வெப்பநிலை' என்று படித்துவிட்டு 27 டிகிரி அறையில் வைத்தால் ஆல்கஹால் மட்டுமே மூக்கில் ஏறும். 'அறை வெப்பநிலை' என்பதில் வரும் அறை, ஏசியும் ஹீட்டரும் இல்லாத பழைய கல் வீட்டு அறை. பரோலோவுக்கு 17, 18 டிகிரி. பார்பெராவுக்கும் டோல்ச்செத்தோவுக்கும் இன்னும் இரண்டு குறைக்கலாம். சிவப்பையும் பரிமாறுவதற்கு முன் கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் வைப்பது பாவம் இல்லை.

மீனுக்கு வெள்ளை, கறிக்குச் சிவப்பு என்ற பாடத்தை உடைத்தவர் பலெர்மோவில் ஓர் உணவகச் சமையலறையில் வேலை செய்யும் யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர். சிசிலியில் இலங்கைத் தமிழர்கள் கணிசமாக இருக்கிறார்கள். பலெர்மோ சமையலறைகளில் தமிழ் காதில் விழுவது சாதாரணம். வாள்மீனைத் தக்காளி, கேப்பர், ஆலிவ் போட்டுச் செய்த தட்டைக் கொண்டுவந்து வைத்தவர், நான் வெள்ளை கேட்டதும் சிரித்தார். "தம்பி, வெறும் மீன் எண்டால் வெள்ளை குடியுங்கோ. உதுக்குள்ள தக்காளியும் உப்பும் கிடக்குது. கொஞ்சம் குளிர்ந்த சிவப்பு குடிச்சுப் பாருங்கோ" என்று ஃப்ரப்பாத்தோ என்ற வெளிர்நிற, டானின் அதிகம் இல்லாத சிசிலிச் சிவப்பை ஊற்றினார். பாட்டிலின் வெளியே வியர்த்திருந்தது. தக்காளியின் புளிப்பும் ஒயினின் புளிப்பும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டன. மீன், கறி என்று பார்ப்பதைவிடக் குழம்பைப் பார், தாளிப்பைப் பார் என்பது அவர் கட்சி. கறாரான டானினைத்தான் மீன் தாங்காது. இரும்பைச் சப்பியது போல ஆகிவிடும்.

"அண்ணை, எங்கட சாப்பாட்டுக்கு எது பொருந்தும்?" என்று அவர் பாணியிலேயே கேட்டேன். "உறைப்புக்குப் பரோலோ காட்டிப் போடாதையுங்கோ" என்றார். வீட்டில் செய்து பார்த்ததில் அது முழு உண்மை. மிளகாய்க் காரத்தோடு டானினும் ஆல்கஹாலும் சேர்ந்தால் வாய் எரிந்துவிடும், ஒயினும் கசக்கும், குழம்பும் கெடும். டூரினில் போர்ட்டா பலாட்சோ சந்தைப்பக்கம் ஹலால் கடையில் ஆட்டுக்கறி வாங்கி, மிளகு தூக்கலாக, மிளகாய் அடக்கமாகச் சுக்கா செய்தால் பார்பெரா அருமையாகப் போகிறது. மீன் வறுவலுக்கும் வெங்காய பஜ்ஜிக்கும் எமிலியா பக்கத்து லாம்ப்ருஸ்கோ: நுரைக்கும் சிவப்பு, குளிரக் குளிரக் குடிப்பது, எண்ணெய்ப் பிசுக்கை அள்ளிக்கொண்டு போகும். இனிப்பில்லாததைக் கேட்டு வாங்குங்கள், 'செக்கோ' என்று போட்டிருக்கும். காரக் குழம்புக்கு, ஆல்ப்ஸ் அடிவாரத்து ஆல்தோ அடிஜேயின் கெவூர்ட்ஸ்ட்ரமினர். ரோஜாவும் லிச்சியும் மணக்கும் வெள்ளை. அதைவிடக் காரம் என்றால் 5 சதவீதம் அளவே ஆல்கஹால் உள்ள, இனிப்பான மொஸ்காத்தோ தாஸ்தி. புளிக்குழம்புக்கு மட்டும் இன்னும் எதுவும் சரிப்படவில்லை. புளியின் புளிப்புக்கு முன்னால் எந்த ஒயினும் தண்ணீராகத் தெரிகிறது. அதற்கு மோர் போதும்.

கடையில் நிற்கும்போது லேபிள் மிரட்டும். இத்தாலியில் 1963-ல் வந்த சட்டம்தான் அடிப்படை: எந்த ஊர், எந்தத் திராட்சை, எவ்வளவு விளைச்சல் என்று எல்லை போட்டார்கள். 1966-ல் சான் ஜிமிஞ்ஞானோ ஊரின் வெர்னாச்சா வெள்ளைக்கு முதல் டி.ஓ.சி., அதாவது விளையும் இடத்துக்கான சான்று, கிடைத்தது. அதற்கு மேல்தட்டு டி.ஓ.சி.ஜி.; பாட்டில் கழுத்தில் எண் போட்ட அரசு முத்திரைத் தாள் ஒட்டியிருக்கும். அந்த முத்திரை, இது சொன்ன இடத்தில் சொன்னபடி செய்தது என்பதற்கான உத்தரவாதம் மட்டுமே, ருசிக்கு அல்ல. முத்திரை இருந்தும் சப்பென்று இருந்த ஒயின்களைக் குடித்திருக்கிறேன். தயாரிப்பாளர் பெயரைத்தான் நம்ப வேண்டும், பிடித்த பெயரைப் போனில் படமெடுத்து வையுங்கள். இந்த முத்திரை, சோதனை எல்லாவற்றையும் மக்கள் இவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்வதற்கு 1986-ம் ஒரு காரணம். அந்த ஆண்டு மெத்தனால் கலந்த மலிவு ஒயினைக் குடித்து இத்தாலியில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். எத்தனையோ பேர் பார்வை இழந்தார்கள். கலப்பட, விஷச் சாராயச் சாவுகளைச் செய்தித்தாளில் படித்து வளர்ந்த நமக்கு அந்தப் பயம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அளவைக் குறைத்துத் தரத்தைப் பார் என்ற திருப்பம் அதற்குப் பிறகு வேகம் பிடித்தது.

வருடக் கணக்கு பார்க்கிறவர்களுக்கு: பரோலோவில் 2010-ம் 2016-ம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், விலையும் அதற்கேற்ப. 2014 குளிரும் மழையுமான வருடம் என்று ஒதுக்கினார்கள். அதில் கவனமாகச் செய்தவர்களுடைய ஒயின் இப்போது மெலிந்து, மணமாக இருக்கிறது. எனக்கு 2017-ன் வெயில் காய்ந்த கனத்தைவிட அதுதான் பிடிக்கிறது.

லாங்கேக்குப் போக நினைத்தால் சிறிய தயாரிப்பாளர்களுக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பி நேரம் வாங்குங்கள். கதவைத் தட்டினால் திறக்க ஆள் இருக்காது. செப்டம்பர் முதல் அக்டோபர் வரை அறுவடை, அப்போது அவர்களைத் தொந்தரவு செய்யாமல் இருப்பது நல்லது. சென்ட் பூசிக்கொண்டு போகாதீர்கள், பக்கத்தில் நிற்பவருக்கும் சேர்த்து மூக்கை அடைத்துவிடும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் பரோலோ கோட்டைக்குக் கீழே உள்ள வட்டார ஒயின் நிலையத்தில் பல தயாரிப்பாளர்களின் பரோலோவை கிளாஸ் கணக்கில் வாங்கி ஒப்பிடலாம். பார்பரெஸ்கோ ஊரில், 1958-ல் ஒரு பாதிரியார் 19 சிறு விவசாயிகளைச் சேர்த்து ஆரம்பித்த கூட்டுறவு இன்னும் நடக்கிறது. நியாய விலையில் நெபியோலோ படிக்க அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. யார் ஓட்டுவது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். இத்தாலியில் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால்தான் எல்லை, உரிமம் வாங்கி மூன்று வருடம் ஆகாதவர்களுக்கு அதுவும் கிடையாது, துளிகூடக் கூடாது. குன்றுச் சாலையில் போலீஸ் நிற்பார்கள்.

இந்தியாவுக்குக் கொண்டுபோகிறவர்கள் தலைக்கு 2 லிட்டர் வரை சுங்கம் இல்லாமல் எடுத்துப்போகலாம். 750 மில்லி பாட்டில் இரண்டு என்றால் பிரச்சினை இல்லை. என் பெட்டியில் ஒரு பார்பெராவும் ஒரு வெர்டிக்கியோவும்தான் போகும். பரோலோ கொண்டுபோனால் மறுநாளே திறக்கச் சொல்வார்கள், பயணத்தில் குலுங்கிய ஒயின் சில வாரம் அசையாமல் கிடந்தால்தான் தெளியும். சென்னை மே மாதத்தில் பீரோ மேல் வைத்த சிவப்பு வெந்துபோய் ஜாம் மாதிரி ஆகிவிடும். ஒயின் அலமாரி இல்லாத வீட்டில் ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டுதான் ஒரே வழி. சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் முன்னால் சிவப்பை வெளியே எடுத்து வைத்தால் போதும்.